டகோட்டாவுக்கு எந்த வருசம் போட?

போன கோடை லீவுக்குக் கீழவைப்பாருக்கு வந்திருந்த அக்கா மகன் பத்து நாளும் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. கடற்கரைக்கு வாடா என்றால் வெயில் என்பான். சாயங்காலம் கூப்பிட்டால் "இன்னும் ரெண்டே விமானம், மாமா" என்பான். அப்படி என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், ஓப்பன் டிடிடி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994ல் கிறிஸ் சாயர் என்ற பிரிட்டிஷ்காரர் 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்று ஒரு கணினி விளையாட்டு எழுதினார. ரயில், பஸ், கப்பல், விமானம் ஓட்டி லாபம் சம்பாதிக்க வேண்டும். 2004ல் அதைத் திறமூல மென்பொருளாக வேறு ஆட்கள் மறுபடி எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஓப்பன் டிடிடி. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. நம்ம ஆள் ரயிலையும் பஸ்ஸையும் தொடுவதே இல்லை. வெறும் விமானம் மட்டும் ஓட்டி, அதை முழு விமான நிறுவன விளையாட்டாகவே மாற்றி வைத்திருந்தான். போதாக்குறைக்கு, அதில் இல்லாத பழைய விமானங்களைத் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

சேர்ப்பது ஒன்றும் மந்திரம் இல்லை. என்எம்எல் என்ற எளிய மொழியில் ஒரு விமானத்துக்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும். எந்த வருடம் விற்பனைக்கு வந்தது, எத்தனை வருடம் விற்றார்கள், வாங்கினால் எத்தனை வருடம் ஓடும், வேகம், பயணிகள் எத்தனை பேர், தபால் எவ்வளவு, எவ்வளவு தூரம் பறக்கும், விலை, ஓட்டச் செலவு, சின்ன விமானமா பெரிய விமானமா. பத்துப் பன்னிரண்டு வரி. அவ்வளவுதான்.

"மாமா, டகோட்டாவுக்கு எந்த வருசம் போட?" என்று கேட்டான்.

"1935" என்றேன், டக்கென்று. டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. எனக்கு இந்த மாதிரித் தேதிகள் மனப்பாடம். அவனும் போட்டுவிட்டான்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. சொன்ன பதில் சரி. ஆனால் அந்தச் சரியான பதிலை வைத்துக்கொண்டு நம்ம ஊர் வானத்தின் கதையை ஒரு நாளும் ஓட்ட முடியாது. ஏன் முடியாது என்று அவனுக்கு விளக்கப் போய்தான் இந்தக் கட்டுரை வளர்ந்தது.

வள்ளமும் வகையும்

முதலில், ஒரே விமானத்துக்கு இத்தனை வகைகள் எதற்கு?

எங்கள் கரையில் 'வள்ளம்' என்று ஒரே சொல்தான். பாய் கட்டிப் போனதும் வள்ளம். அதே உடம்பில் இஞ்சின் மாட்டியதும் வள்ளம். ஆனால் பாய் வள்ளம் காற்றைப் பார்த்துக் கிளம்பும், காற்றைப் பார்த்துத் திரும்பும். இஞ்சின் வள்ளம் டீசலைப் பார்த்துக் கிளம்பும். போகிற தூரம் வேறு, ஆகிற செலவு வேறு, கடன் வாங்குகிற இடம்கூட வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் தொழிலும் ஒன்று என்று கரையில் யாரும் நினைக்க மாட்டார்கள்.

விமானத்திலும் அதுதான். உடம்பு ஒன்று, இஞ்சின் வேறு. இறக்கை ஒன்று, எரிபொருள் தொட்டி வேறு. அந்த வேறுபாட்டைத்தான் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் சொல்கின்றன. இந்தியன் ஏர்லைன்ஸ் 1957ல் வாங்கிய விக்கர்ஸ் விஸ்கவுன்ட்டின் முழுப் பெயர் 768டி. இதில் 7 என்பது 700 வரிசை. 68 என்பது வாங்கியவரின் அடையாள எண். கடைசி டி கூடுதல் எடை தாங்கும்படி வலுவாக்கிய வகையைக் குறிக்கும். போயிங்கிலும் இதே வழக்கம் இருந்தது. ஏர் இந்தியாவின் எண் 37. அதனால் அவர்களுடைய முதல் ஜெட் 707-437 ஆனது. பிறகு வந்தது 707-337பி. முன்னதில் ரோல்ஸ் ராய்ஸ் கான்வே இஞ்சின், பின்னதில் பிராட் அண்ட் விட்னி. இந்தியன் ஏர்லைன்ஸின் அடையாளம் ஏ8. அவர்கள் வாங்கிய 737-200 விமானங்களின் முழுப் பெயர் 737-2ஏ8.

இஞ்சினே மாறாமல், ஏற்றும் சுமையை மாற்றினாலும் வேறு விமானம் ஆகிவிடும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம்ம பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் விழுந்த பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமானத் தொடர்பு அறுந்துபோனது. 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினா கடல் விமானங்களைப் பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கலைக்கு ஓட்டியது. நடுவில் எங்கேயும் இறங்காமல் 27 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். அதனால் வண்டி முழுக்க எரிபொருள். மிச்ச இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பதால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர். ரேடியோவைத் தொடாமல், நட்சத்திரத்தை வைத்து வழி கண்டுபிடித்துப் போனார்கள். மற்ற இடங்களில் ஓடிய கேட்டலினாவும் இதுவும் பட்டியலில் ஒரே வரியாக இருந்தால் அது பொய்ப் பட்டியல்.

ஒன்றரை ஆளும் நூறு கிலோ தபாலும்

மறுநாள் காலையில் அவனிடம், "1932லேருந்து ஆரம்பிப்போம்டா" என்றேன்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு பஸ் மாத் விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். டி ஹாவிலாண்ட் கம்பெனியின் ஒற்றை இஞ்சின் வண்டி அது. பைலட்டோடு ஒன்றிரண்டு பேர்தான் உட்காரலாம். அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டு வண்டியில் டின் டின்னாக வந்தது. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். இந்தியாவின் வணிக விமானப் போக்குவரத்து இப்படித்தான் தொடங்கியது.

விளையாட்டில் பஸ் மாத்துக்குப் பயணிகள் எத்தனை என்று போடுவது? மருமகன் "ரெண்டு" என்று எழுதிவிட்டு, "இத வச்சு எப்படி மாமா லாபம் வரும்?" என்றான். நியாயமான கேள்வி. டாட்டாவின் முதல் முழு வருடக் கணக்கைப் பார்ப்போம். பறந்த தூரம் 1,60,000 மைல். பயணிகள் 155 பேர். தபால் 10.71 டன். லாபம் 60,000 ரூபாய். வாரத்துக்கு ஒரு தடவை போய்த் திரும்புவதாக வைத்தால் வருடத்துக்கு 104 ஓட்டம். வகுத்துப் பார்த்தால் ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை ஆள், நூறு கிலோ தபால்.

ஆக, அது பயணிகள் விமானமே இல்லை. சிறகு முளைத்த தபால் வண்டி. பயணி என்பவர் தபால் மூட்டைக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் ஏறிக்கொண்டவர். அரசு மானியம் தர மறுத்தபோதும் நிறுவனம் பிழைத்தது தபால் காசில்தான். நல்லவேளையாக இந்த விளையாட்டில் பயணிகளுக்கும் தபாலுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. "தபால் வரியில சரியா போடு, ஆள் வரிய மறந்துரு" என்றேன். போட்டான். முதல் வருடமே கொஞ்சம் லாபம் காட்டியது. அவனுக்கு அன்றைக்குத்தான் என் மேல் மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் பட்டியலில் எழுத முடியாத ஒன்றும் இருந்தது. மழைக்காலம். ஜூஹு ஓடுதளம் கடலை ஒட்டியது. பருவமழையில் அது சேறும் தண்ணீருமாகிவிடும். அந்த மாதங்களில் டாட்டா தன் தொழிலையே பூனாவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. விளையாட்டில் கட்டிய விமான நிலையம் ஜூனில் முழுகுவதில்லை. பிரிட்டனில் உட்கார்ந்து எழுதிய விளையாட்டுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று ஏன் ஞாபகம் வரப்போகிறது?

நம்ம பக்கம் விமானம் வந்ததும் இதே காலத்தில்தான். கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானையில் புதிதாகப் போட்ட ஓடுதளத்தில் 1935 நவம்பர் 27 அன்று முதன்முதலில் இறங்கிய விமானமும் ஒரு பஸ் மாத்தான். சென்னை ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ சென்னையிலிருந்து ஓட்டி வந்தார். 1938ல் டாட்டாவின் தபால் தடம் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. தூத்துக்குடியில் இறங்க இடமில்லை.

போர் மிச்சம்

இப்போது டகோட்டாவுக்கு வருவோம். நான் சொன்ன 1935 ஏன் போதாது?

டிசி-3 அமெரிக்காவில் 1936ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது அது உயர்தர விமானம். 21 பேர் வசதியாக உட்கார்ந்து போவார்கள். படுக்கை வசதியோடு ஒரு வகை, அதில் 14 பேர்தான். போருக்கு முன் இந்தியாவில் ஒரு கம்பெனி அதை வரிசையாக வாங்கி ஓட்டுவது நடக்கிற காரியம் இல்லை. விளையாட்டில் 1936ஐ அறிமுக வருடமாகவும் அமெரிக்க விலையை விலையாகவும் போட்டால், இந்தியாவில் ஆடுகிறவன் அதை வாங்கவே மாட்டான். வாங்கினால் திவாலாவான்.

பிறகு போர் வந்தது. அதே உடம்பு சி-47 ஆனது. அகலமான சரக்குக் கதவு, உறுதியாக்கிய தரை, சுவரோரம் சிப்பாய்கள் உட்காரப் பெஞ்சு, பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் இஞ்சின். பயணிகளுக்காகக் கட்டிய டிசி-3 விமானங்கள் 607தான். ராணுவத்துக்காகக் கட்டியவை பத்தாயிரத்துக்கும் அதிகம். போர் முடிந்ததும் இவை மொத்தமாக மிச்சமாகின. இந்தியாவில் கிடந்தவற்றை அமெரிக்கர்கள் திரும்பக் கொண்டுபோவதைவிட விற்றுவிடுவதே மலிவு. பெங்களூரில் அன்றைய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் பெஞ்சைக் கழற்றி நாற்காலி மாட்டினார்கள். போர்க்கால சி-47 உள்ளூர்ப் பயணிகள் டகோட்டாவாக வெளியே வந்தது.

அதனால்தான் 1946ல் இந்தியாவில் விமானக் கம்பெனிகள் மழைக் காளான் மாதிரி முளைத்தன. உரிமம் வாங்கியவர்களே பத்துக்கு மேல். விமானம் மலிவு, பைலட்டுகள் போரிலிருந்து திரும்பியவர்கள், மகாராஜாக்கள் முதல் ஜவுளி முதலாளிகள் வரை கையில் பணம். ஆனால் பயணிகள் அந்த அளவுக்கு இல்லை. 1950ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான விசாரணைக் குழு, நாட்டில் இருக்கிற வியாபாரத்துக்குக் கம்பெனிகள் ரொம்ப அதிகம் என்று சொன்னது. 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. அதற்குச் சீதனமாக வந்த 99 விமானங்களில் 74 டகோட்டா.

ஆகவே இந்தியாவில் டகோட்டாவின் அறிமுக வருடம் 1946 என்று போடுவதே சரி. விலையைப் பாதாளத்தில் வைக்க வேண்டும். விற்பனைக் காலத்தைக் குறுக்க வேண்டும், ஏனென்றால் மிச்சம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மருமகன் இரண்டு தனித்தனி விமானங்களாக எழுதினான். 'டிசி-3' ஒன்று, 'டகோட்டா, போர் மிச்சம்' இன்னொன்று. வேகமும் தூரமும் அச்சு அசலாக ஒன்றே. வருடமும் விலையும்தான் வேறு. அந்த இரண்டு வரியில் ஒரு நாட்டின் விமானத் துறை எப்படிப் பிறந்து, எப்படித் திணறி, ஏன் தேசியமயமானது என்பது அடங்கியிருக்கிறது. எந்த ஊரில், யார் கைக்கு, என்ன விலையில் வந்தது என்பதும் ஒரு வகைதான் என்பது என் கட்சி. எண்ணும் எழுத்தும் மட்டும் அதைச் சொல்லாது.

எதிர்க்கரையிலும் இதே கதைதான். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதுவும் டகோட்டா. பெயர் 'சீதா தேவி'.

நாகபுரியில் நள்ளிரவு

இந்த மலிவு டகோட்டாக்களை வைத்து இந்தியா செய்த ஒரு காரியம் உலக அளவில் பேசப்பட வேண்டியது. 1949 ஜனவரியில் இரவுத் தபால் சேவை தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, நான்கு ஊர்களிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நள்ளிரவு வாக்கில் நாகபுரியில் கூடும். மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். நான்கு ஊர்களை நேரடியாக ஒன்றோடொன்று இணைக்க ஆறு தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு புள்ளி வைத்தால் நான்கு தடம் போதும். அமெரிக்காவில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனி மெம்பிஸ் நகரத்தை மையமாக வைத்து இதே ஏற்பாட்டைத் தொடங்கியது 1973ல்.

மருமகன் இதைக் கேட்டதும் அன்று சாயங்காலமே தன் வரைபடத்தில் நடுவில் ஒரு விமான நிலையம் கட்டினான். "மாமா, செம்ம லாபம்" என்றான்.

சாகாத ஆவ்ரோ

அடுத்து ஆவ்ரோ. ஹாக்கர் சிட்லி எச்எஸ் 748 என்பது முறையான பெயர். நம்ம ஊரில் வயதானவர்கள் ஆவ்ரோ என்றே சொல்வார்கள். பிரிட்டனில் வடிவமைத்த இந்த விமானத்தை உரிமம் வாங்கிக் கான்பூரில் கட்டினார்கள். இந்தியாவில் கட்டிய முதல் ஆவ்ரோ 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே 1961ல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரன் அந்த வருடத்தை மறக்க மாட்டான்.

கான்பூரில் மொத்தம் 89 கட்டினார்கள். முதல் நான்கு சீரீஸ் 1. அதற்குப் பிறகு கூடுதல் சக்தியுள்ள டார்ட் இஞ்சினோடு சீரீஸ் 2. பிரிட்டனின் குளிரில் சீரீஸ் 1 தாராளமாகப் போதும். வெயில் கொதிக்கிற ஓடுதளத்தில் கதை வேறு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்கும் பிடிமானம் குறையும், இஞ்சினின் சக்தியும் குறையும். ஒன்று ஓடுதளம் நீளமாக வேண்டும், அல்லது ஆளை இறக்க வேண்டும், அல்லது இஞ்சினை மாற்ற வேண்டும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்கு வகை எழுத்து அலங்காரம் இல்லை.

விளையாட்டு ஆவ்ரோவில் தடுக்கி விழுந்த இடம் ஆயுள். பொதுவாக இந்த விளையாட்டில் ஒரு விமானத்துக்கு இருபது, இருபத்தைந்து வருட ஆயுள் கொடுப்பார்கள். பிறகு அது கிழமாகி அடிக்கடி பழுதாகும். நம் விமானப்படையோ ஆவ்ரோவை அறுபது வருடம் ஓட்டியது. அதற்கு மாற்றாக 56 சி-295 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டதே 2021 செப்டம்பரில். அதில் 40 விமானங்களை வதோதராவில் கட்டுவது டாட்டா. 1932ல் தபால் மூட்டையோடு தொடங்கிய அதே குடும்பத்துக் கம்பெனி. ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் அவர்களிடமே திரும்பிப் போனது.

ஆயுள் என்பது விமானத்தின் குணம் மட்டும் இல்லை. வைத்திருப்பவனின் வசதி, மாற்று வாங்கத் தாமதமாகும் முடிவு, பழுது பார்க்கும் கைகளின் திறமை எல்லாம் சேர்ந்தது. மருமகன் ஆயுள் வரியில் 60 என்று போட்டான். "நம்பவே மாட்டாங்க மாமா" என்றான். நம்பாவிட்டால் போகட்டும்.

பட்டியலில் வராத எதிரி

ஒருநாள் அவன் விளையாட்டில் ஒரு போட்டிக் கம்பெனி வந்து அவனுடைய தடத்திலேயே விமானம் விட்டது. "என்ன செய்யட்டும்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆட்டத்தைத் தூத்துக்குடி நிஜத்திலேயே ஆடியிருக்கிறது.

1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். முதல் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் விட்டார். எதிரில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன். அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. எதிராளி கடைசியில் இலவசம் என்றான், கூடவே ஒரு குடையும் தருகிறேன் என்றான்.

பல மேலாண்மை விளையாட்டுகளில் உண்டு இந்தக் கட்டணச் சண்டை. கையிருப்பு யாரிடம் அதிகமோ அவன் ஜெயிப்பான். ஆனால் இங்கே சண்டை கையிருப்பில் முடியவில்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். முதலில் விதித்த தண்டனை இரட்டை ஆயுள், அதாவது 40 வருடம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911லேயே அதைக் கலைத்துவிட்டிருந்தார்கள்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கேம்ல ஆள ஜெயில்ல போடுற பட்டன் இல்ல மாமா" என்றான். அதேதான். விமானத்தின் ஒவ்வொரு வகையையும் ஒரு இருக்கை பிசகாமல் எழுதிவிடலாம். யாரை ஆட விட்டார்கள், யாரை விடவில்லை என்பதற்கு அந்தப் பட்டியலில் வரி கிடையாது. பழைய விமானங்களைத் துல்லியமாகச் சேர்ப்பதிலேயே வரலாறு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் இதை ஒரு ஓரமாகவாவது குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1,350 மீட்டர்

கடைசி நாள், "நம்ம ஊரையும் மேப்ல வைப்போமா?" என்று கேட்டான்.

வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் திறந்தது 1992ல். சேவை வரும், நிற்கும், மறுபடி வரும். 2006ல் ஏர் டெக்கான் ஏடிஆர் விமானத்தோடு வந்த பிறகுதான் கொஞ்சம் நிலைத்தது. பிறகு கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ என்று ஆட்கள் மாறினார்கள். ஆனால் வந்தது எல்லாமே விசிறி சுழலும் டர்போபிராப் விமானங்கள். ஏடிஆர் 72 அல்லது கியூ400. பலர் இதை "நம்ம ஊருக்கு இதான் லாயக்குன்னு நினைக்கான்" என்று எடுத்துக்கொண்டார்கள். காரணம் ஓடுதளம். நீளம் சுமார் 1,350 மீட்டர். ஏடிஆர் 72 முழுச் சுமையோடு எழும்ப, கடல் மட்டத்தில் மிதமான வெப்பத்தில், ஏறத்தாழ 1,300 மீட்டர் வேண்டும். ஏர்பஸ் 320க்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். எந்தக் கம்பெனி வந்தாலும், எவ்வளவு பணம் இருந்தாலும், அந்த ஓடுதளத்தில் ஜெட் இறங்க வழியில்லை. சித்திரை வெயிலில் அந்த மிச்ச ஐம்பது மீட்டரும் கைகொடுக்காது.

எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்துக்கு 2019 நவம்பரில் சென்னையிலிருந்து மறுபடி சேவை தொடங்கியபோது போனதும் ஏடிஆர் 72-600தான். இரண்டு கரையிலும் தமிழர்கள் ஏறிய வண்டியை ஓடுதளம்தான் தேர்ந்தெடுத்தது.

விளையாட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. சின்ன விமானமா, பெரிய விமானமா. பெரிய ஜெட்டைச் சின்ன விமான நிலையத்தில் இறக்கினால் விழுந்து நொறுங்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே வாகைக்குளத்தைச் சின்ன நிலையமாக வைத்தான். பஸ் மாத் இறங்கியது, டகோட்டா இறங்கியது, ஆவ்ரோவும் இறங்கியது. 1938ல் திருச்சிக்கும் கொழும்புக்கும் நடுவில் நமக்கு ஒரு ஓடுதளம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவன் திரையில் பார்த்தேன். கொழும்புத் தபால் மூட்டை தூத்துக்குடியில் இறங்கியது. 1914ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்து, கொழும்புப் பயணிகளை எங்கள் துறைமுகத்திடமிருந்து கொண்டுபோன பிறகு அப்படி ஒன்று நடக்கவில்லை.

பிறகு ஆட்டத்தின் காலண்டர் ஓடி 2025 ஜூலை வந்தது. நிஜத்தில் அந்த மாதம் 26ஆம் தேதி வாகைக்குளத்தில் புதிய முனையம் திறந்தார்கள். ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. மருமகன் சின்ன நிலையத்தை இடித்துவிட்டுப் பெரியதைக் கட்டினான். முதல் ஜெட்டை வாங்கி விட்டான். அது நொறுங்காமல் இறங்கியது.

ஊருக்குக் கிளம்பும்போது தன் கோப்பை எனக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தான். இரவு திறந்து பார்த்தேன். கணினி படிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பு வரியாக, டகோட்டா பட்டியலுக்கு மேலே தமிழில் எழுதியிருந்தான்: "1935 அமெரிக்காவுக்கு. நமக்கு 1946. மாமா சொன்னது."